தொறக்கறப்பக் கூப்பிடுங்க

வேல்முருகனுக்குத் தூசியைக் கண்டால் ஆகாது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன் வேலை. எந்த மோட்டாரைத் திறந்தாலும் முதலில் துடைப்பான், பிறகுதான் என்ன கோளாறு என்று பார்ப்பான். வீட்டு மிக்சிக்கும் அதே சட்டம்தான். "சட்னி அரைக்கிற சாமானுக்கு இவ்ளோ மரியாதையாப்பா" என்று மகள் சிந்து கேலி செய்வாள்.

அந்த வாயாடி போய்ச் சேர்ந்து, வருகிற வியாழக்கிழமையோடு ஒரு வருஷம். பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் என்று பெரம்பலூருக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து திருச்சிக்கு அனுப்பினார்கள், ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அவளுக்கு ரயில் என்றால் உயிர். அடம்பிடித்து வாங்கிய குட்டி இன்ஜின் ஒன்று, வட்டத் தண்டவாளத்தோடு, பீரோ மேல் இருந்தது. "நம்ம ஸ்டேஷனுக்கு வர்ற இன்ஜின் வெளிச்சம் எப்புடிக் கண்ணக் கூசுது. இது சாமி மாடத்து வெளக்காட்டம் எரியுதுப்பா" என்று நச்சரிப்பாள். அரையாண்டு லீவு வரட்டும், மாத்திடலாம் என்று இவனும் நாளை ஓட்டினான். லீவு வந்தது. அவள்தான் இல்லை.

கல்யாணமாகாத பெண் போய்விட்டால் வருஷம் திரும்புகிற நாளில் அவளைக் கன்னித் தெய்வமாக வைத்துப் படைப்பார்கள். புதுத்துணி, வளையல், அவள் ஆசைப்பட்ட பண்டங்கள் எல்லாம் இலைக்கு முன்னால் இருக்க வேண்டும். அந்த வரிசையில் இன்ஜினும், வெள்ளை விளக்கோடு ஓட வேண்டும் என்று அவன் மனைவி வெற்றிச்செல்வி சொன்னாள். இதையாவது செய்துவிட வேண்டும் என்று அவனும் சென்னையிலிருந்து புது விளக்குச் சாமான்களை வரவழைத்தான்.

"இன்ஜினத் தொறக்கறப்ப மட்டும் என்னையக் கூப்பிடுங்க" என்றாள் அவள்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை. பார்த்தால் அழுவாள் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை அவள் புதுச் சுடிதார் எடுக்கக் கடைவீதிக்குப் போன நேரம் பார்த்து, அடியிலிருந்த ஸ்குருக்களைக் கழற்றி மேல்கூட்டைத் தூக்கினான். மோட்டாரின் முதுகில் செம்பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. துரு என்று நினைத்தான். பழைய பனியன் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து அழுத்தித் துடைத்தான். மோட்டார் பளிச்சென்று ஆனது.

பிறகு பழைய பல்பையும் போர்டையும் எடுத்துவிட்டுப் புதுப் போர்டை வைத்தான். தலைமுடி கனத்து ஒயர்களை மூச்சைப் பிடித்துக்கொண்டு பற்றவைத்தான். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. தண்டவாளத்தில் வைத்து ஸ்விட்சைத் தட்டியதும் எதிர்ச்சுவர் வெளுத்தது. "பாத்தியா பாப்பா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வெற்றிச்செல்வி துணிப்பையோடு உள்ளே வந்தாள். இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றுவதைப் பார்த்தாள்.

"தொறந்துட்டீங்களா?"

"நீ அழுவியேன்னுதான்…"

"பொட்டு அப்புடியே இருந்துச்சா?"

"எந்தப் பொட்டு?"

"ஆயுத பூசையன்னிக்கு இன்ஜின் சக்கரத்துல சந்தனம் வக்கப் போனவள, கரண்டு ஏறாதுன்னு திட்டுனீங்கள்ல. அதான் அப்பாவுக்குத் தெரியாம உள்ளார வச்சிட்டா. சந்தனம், அதுமேல குங்குமம். நாந்தான் திரும்ப ஸ்குருவ மாட்டுனேன். அவ வெரல் ரேகை அச்சாப் பதிஞ்சிருந்துச்சுங்க. ஒருக்கா தொட்டுப் பாத்துக்கலாம்னுதான் கூப்பிடச் சொன்னேன்."

வேல்முருகன் கண் போன இடத்தை அவளும் பார்த்தாள். குப்பைக்கூடையில் அந்தப் பனியன் துணி கிடந்தது. எடுத்து விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு இருந்தது, ரேகை இல்லை.

துணியை மடித்துப் புதுச் சுடிதாருக்குள் வைத்துக்கொண்டு அவள் அடுக்களைக்குப் போனாள். இன்ஜின் விளக்கைப் போட்டுக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த அவனுக்குக் கை வரவில்லை.