கிள்ளாத கொழுந்து

பெட்டியைக் கயிறு கட்டிக் குழிக்குள் இறக்கியபோது உடன் நின்றவர்கள் ஆறு பேர்: இறந்தவரின் மனைவி, இறந்தவரின் தம்பி, ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர், மருந்து தெளிக்கும் வண்டியின் டிரைவர், தோட்டத்துறை அதிகாரி. நான்கு பேரின் செருப்பில் தோட்டத்து மண். பழச்சாறு கடை வைத்திருக்கும் தம்பியின் நகக்கண்ணில் ஆரஞ்சுத் தோல். தையல்காரியான மனைவியின் கையில் மட்டும் ஒரு நீல நூல் ஒட்டியிருந்தது.

கயிறு ஒரு பக்கம் வழுக்கியது.

"மெதுவாப்பா. ஆட்டினா கொசுவலை எழுந்து திட்டுவாரு," என்றார் டிரைவர். தோட்டக்காரர் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தார். மனைவிக்கு அது பிடித்திருந்தது.

கொசுவலை என்பது இறந்தவருக்குத் தோட்டக்காரர்கள் வைத்த பெயர். அரசுப் பணத்தில் கட்டிய வலைக்கூடம் ஒன்றில் பதினாறு வருடம் காவல் இருந்தார். உள்ளே தொட்டிகளில் நோயில்லாத ஆரஞ்சுத் தாய்ச்செடிகள் முப்பத்திரண்டு. ஊசி நுழையாத வலைக்கு வெளியே, சுற்றுவட்டாரத்து ஆரஞ்சு மரங்களெல்லாம் ஒவ்வொன்றாக மஞ்சளித்துக்கொண்டிருந்தன. எள்ளளவு பூச்சி ஒன்று பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து பரப்பும் நோய். வந்துவிட்டால் மருந்து கிடையாது. மரத்தைப் பிடுங்கி எரித்துவிட்டுப் புதுக் கன்று வைக்க வேண்டும். கன்றுக்கு மானியம் உண்டு, ஆனால் அந்த முப்பத்திரண்டிலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றாக இருந்தால்தான். அவற்றில் நோய் நுழைந்தால் மறுபடி நட யாருக்கும் எதுவும் இல்லை.

அவள் ஒருநாளும் அதற்குள் போனதில்லை. "உன் சக்களத்திங்க முப்பத்திரண்டு பேரும் சௌக்கியம்" என்று அவர் தினமும் வந்து சொல்வதோடு சரி.

மதியம் வீட்டுக்குத் திரும்பினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து தேநீர் வந்தது. அதிகாரி குடிக்காமல் குவளையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். நாற்பது வயதுகூட ஆகாத மனிதர்.

"அக்கா, இப்போ கேக்கக் கூடாதுதான்."

"கேக்க வந்துட்டீங்கல்ல. முழுசா கேளுங்க."

"செடிங்களுக்கு முந்தாநாள் காலையில தண்ணி விட்டது. தொட்டிச் செடி. இந்த வெயிலுக்கு இன்னிக்குச் சாயங்காலம் தாண்டாது."

"நீங்க போய் விடுங்க."

"நோய்த் தோட்டத்துல கால் வெச்சவன் மூணு நாள் உள்ள போகக் கூடாது. நான் காலையில அங்கிருந்துதான் வந்தேன். இவங்களும் அப்படித்தான். அண்ணனோட தம்பி பழத்துலயே குளிக்கிற ஆளு."

"ரெண்டாவது ஆள் ஒருத்தர் இருந்தாரே?"

"அந்த வேலைக்கு நிதி நின்னு நாலு வருஷமாச்சு. திரும்பக் கேட்டு எழுதியிருக்கேன்."

"அவர் உயிரோட இருக்கும்போதும் எழுதிட்டுத்தான் இருந்தீங்க."

அதிகாரி தலை குனிந்துகொண்டார். "பூச்சி படாத ஆளு நீங்க ஒருத்தர்தான். ஒரு மணி நேர வேலை. வீட்டுல ஆரஞ்சு, எலுமிச்சைன்னு ஒண்ணும் இருக்காது. அண்ணன் வெச்சிருக்க மாட்டாரு. அந்தப் பூச்சி எலுமிச்சையிலயும் உக்காரும், உள்ள போற ஆளு வீட்டுல இருக்கக் கூடாதுன்னு ஒரு ரூல், அதுக்காகக் கேக்குறேன்."

அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லருகே, ஆள் உயரத்துக்கும் சற்று மேலாக ஓர் எலுமிச்சை இருந்தது. பிழிந்து எறிந்த பழத்தின் விதை முளைத்தது. பதினொரு வருடம். முளைத்த அன்று மாலை முழுக்க அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிடுங்கிடுவீங்களா?" என்று இவள் கேட்டதற்கு, "இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அதோடு தினமும் காலையில் எழுந்ததும் அதன் கொழுந்தை ஒன்றுவிடாமல் கிள்ளுவார். கேட்டால், வேர் ஓடிச் சுவர் பிளந்துவிடும் என்பார். பதினொரு வருடத்தில் ஒரு பழம் விட்டதில்லை. அந்த மரத்தைப் பற்றிப் பேசினால் அவர்களுக்குள் சண்டைதான்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நேர்மையான ஆள் என்ற பெயரோடு மண்ணுக்குள் போயிருந்தார். தம்பியும் தோட்டக்காரர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"பின்னால ஒரு எலுமிச்சை இருக்கு," என்றாள்.

குவளைகளைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். பதினொரு வருஷமா தினமும் கொழுந்து கிள்ளுவாரு."

அதிகாரி மெல்ல நிமிர்ந்தார். "தினமுமா?"

"தினமும்."

"பூச்சி கொழுந்துலதான் முட்டை வைக்கும். முத்தின இலையில வைக்காது." மரம் இருந்த பக்கம் திரும்பினார். "மனுஷன் பதினொரு வருஷம் கிள்ளியிருக்காரே."

அவள் எழுந்து சமையலறை ஜன்னலைத் திறந்தாள். கடைசிப் பத்து நாளாகக் கணவருக்கு இடது தோளில் வலி. கிளையை வளைக்கக் கை தலைக்கு மேல் போகவில்லை. "மேல இருக்கிறதை மட்டும் நீ கிள்ளி விடேன்" என்று இரண்டு முறை கேட்டார். தோள்வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டாள், கொழுந்தைக் கிள்ளவில்லை. இந்த ஒரு வருடமாவது பூக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கீழே மரம் கரும்பச்சையாக இருந்தது. உச்சியில் மட்டும் ஒரு சாண் இளம்பச்சை.

அதிகாரி பூதக்கண்ணாடியோடு முக்காலி மேல் ஏறினார். கொழுந்து கொழுந்தாகப் புரட்டினார். தோட்டக்காரர்கள் கீழே வாய் திறக்காமல் நின்றார்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து ஐந்நூறு மானியக் கன்றுகளுக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள்.

"பூச்சி இல்ல," என்றார் அதிகாரி கடைசியில். "முட்டையும் இல்ல. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா சொல்ல முடியாது."

"தம்பி, அரிவாள் அந்த மூலையில இருக்கு," என்றாள் கொழுந்தனிடம்.

"அண்ணி, இன்னிக்கேவா?"

"இன்னிக்கே. வேரோட."

முதல் வெட்டிலேயே வாசனை வீடு முழுக்க வந்தது. அவள் உள்ளேயே நின்றாள்.

"இதை நீங்க எழுதணுமா?" என்று அதிகாரியிடம் கேட்டாள்.

"எழுதணும்க்கா."

"எழுதுங்க. நான் வெச்ச மரம்னு எழுதுங்க."

அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க," என்றார். "அண்ணனும் தினம் இந்த வீட்டுலேர்ந்துதான் போனாரு. அங்க குளிச்சு உடுப்பு மாத்தித்தான் உள்ள போவாரு. வருஷா வருஷம் சோதனையில ஒண்ணும் வந்ததில்ல. நீங்களும் அப்படியே போங்க."

வலைக்கூடத்தை ஒட்டி ஒரு சிறிய குளியலறை இருந்தது. தலைமுதல் கால்வரை தேய்த்துக் குளித்தாள். ஆணியில் அவருடைய வெள்ளைக் கால்சட்டையும் சட்டையும் தொங்கின. வெளியே எடுத்துப்போகக் கூடாத உடுப்பு, அங்கேயே துவைத்து அங்கேயே காய்வது. கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, கீழே நான்கு மடிப்பு மடித்துவிட்டாள். சட்டையின் தோள்பட்டை கிழிந்து, அவரே தைத்திருந்தார். தையல்காரியின் புருஷன் போட்ட தையலா அது? கோணல்மாணலாக, ஓரிடத்தில் நெருக்கியும் ஓரிடத்தில் அகலமாகவும், கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று முடிச்சு. அவள் முடிச்சை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்தபோது அதிகாரி அவளைப் பார்க்காமல் பேசினார்.

"ரெண்டு கதவு இருக்கும்க்கா. இதை நான் பூட்டின சத்தம் கேட்டப்புறம் அடுத்ததைத் திறங்க. வாளி உள்ளயே இருக்கு. தொட்டிக்கு எவ்வளவுன்னு..."

"தெரியும். ஆளுக்கு ஒரு செம்பு. பதினாறு வருஷமா கேட்டிருக்கேன்."

அவள் உள்ளே காலெடுத்து வைத்தாள். அதிகாரி கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினார்.