ஆர்ச்சி மக்லர்க் உதைத்த பந்து

ஆர்ச்சி மக்லர்க் உதைத்த பந்து கீழே வந்து சேர நான்கு வருடம் ஆனது.

அயர்லாந்துக்காக அவன் ஆடியது ஒரே ஒரு ஆட்டம், பெல்ஃபாஸ்டில், இங்கிலாந்தோடு. லினன் ஆலையில் தறி ஓட்டிய அவன், அங்கேயே நூல் நூற்ற லெட்டியைக் கட்டித்தரக் கேட்டு அவள் அப்பா, ரொட்டிக்கடை கில்ஃபில்லன் முன்னால் நின்றிருந்தான். "அயர்லாந்துக்கு ஒரு கோல் போட்டுட்டு வா தம்பி, அப்புறம் பேசலாம்" என்றார் அவர். எங்கே போடப்போகிறான் என்ற தைரியம். ஆட்டத்தில் நம் பக்க அம்பயரும் அவரேதான். அந்தக் காலத்தில் ஆட்டக்காரன் வாய்விட்டுக் கேட்டால்தான் அம்பயர் கைக்குட்டையை உயர்த்துவார். கேட்காத கோல் கோலே இல்லை, கேட்காத குற்றம் குற்றமும் இல்லை.

ஏழு கோல் வாங்கியபிறகு ஆர்ச்சியின் காலுக்கு ஒரு பந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். அது மழைமேகத்துக்குள் போனது, வரவில்லை. இங்கிலாந்துக்காரர்களுக்குக் கப்பலுக்கு நேரமாகிவிட்டதால் வேறு பந்தில் ஆட்டத்தை முடித்தார்கள். கால்பந்துச் சங்கத்தார் அவனைப் பிறகு கூப்பிடவே இல்லை. கில்ஃபில்லன் மட்டும் பிடிவாதமாக, "பந்து எல்லையைத் தாண்டல. விழட்டும், பாப்போம்" என்றார். கல்யாணமும் பந்தோடு அந்தரத்தில் நின்றது.

வெயில் அடித்தால் புல்லில் அதன் நிழல் தெரியும். வாரத்துக்கு ஓரடியாகக் கோலை நோக்கி நகர்ந்தது. சனிக்கிழமைதோறும் லெட்டி போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

"உன் மாப்பிள்ளை இறங்கிட்டானாடி?" என்பார்கள் ஆலைப் பெண்கள்.

"மேலதான் இருக்கான். கீழ உங்க தொல்லை தாங்கலையாம்."

நான்காம் வருடம் ஒரு சனிக்கிழமை, கப்பல் பட்டறைப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தபோது, பனி படிந்த பந்து விழுந்து, ஒரு குதி குதித்து, கம்பங்களுக்கு நடுவே உருண்டு போனது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆர்ச்சிக்கு நாக்கு எழவில்லை. பக்கத்தில் கில்ஃபில்லன் சட்டைப்பைக்குள் கையை விட்டபடி, தனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லெட்டி அவனைக் கிள்ளினாள். "கேளுய்யா! வாயில என்ன, எங்கப்பா சுட்ட ரொட்டியா?"

"ஐயா... இது கோல்தானே?"

கைக்குட்டை மேலே போனது. கிழவருக்குக் கண் கலங்கியிருந்தது. "இதைத் தூக்கத்தான்டா நாலு வருஷமா பையில வெச்சிருக்கேன், மடையா."

ஏழுக்கு ஒன்று. இங்கிலாந்து மறுக்கவில்லை. கல்யாணத்தன்று மாதா கோவில் வாசலில் யாரோ குறும்பாக அந்தப் பந்தை மாப்பிள்ளையின் காலடிக்கு உருட்டிவிட்டார்கள். அவன் கால் எழுவதற்குள் லெட்டி பாய்ந்து அதைக் கையில் எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பந்தைக் கையால் தொட்டது குற்றம்தான். ஆனால் யாரும் கேட்கவில்லை.