மூடியில் ஒரு மடிப்பு

மேவிஸ் என் அண்ணன் மனைவி. ஹீத்ரோ விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் கூடத்தில், புட்டிங் அறையில் எதிரெதிர் மேசைகளில் நின்று வேலை செய்தோம். எங்களுக்குள் நல்ல வார்த்தை என்று ஒன்று இருந்ததில்லை.

இலை உதிரும் மாதத்தில் மேலாளர் காலின் வந்து, இனி இந்த அறைக்கு ஒரு ஆள் போதும் என்றார். விமானக் கம்பெனியிலிருந்து ருசி பார்க்க வரும் பார்ஜிட்டர் அம்மாள் யாருடைய புட்டிங்கை எடுக்கிறாரோ அவளுக்கு இந்த அறை. மற்றவள் தட்டு கழுவப் போக வேண்டும். அங்கே கழுவுகிறவர்களின் கைகளை நான் பார்த்திருக்கிறேன். தோல் வெந்து உரிந்திருக்கும்.

நான் ஆவியில் வேகும் பாகு புட்டிங் செய்தேன். அவள் ரொட்டியும் வெண்ணெயும் அடுக்கிச் சுட்டாள்.

“பழைய ரொட்டிய பால்ல ஊறப்போட்டா அது சமையலா, மேவிஸ்?”

“உன்னோடத தின்னா ப்ளேனே மேல ஏறாதுடி, கிளெனிஸ். உங்க அண்ணனுக்குப் பல்லு போனதே உங்க வீட்டுப் பாகுலதான்.”

“உன்னக் கட்டிக்கிட்ட அப்புறம்தான் போச்சு.”

எப்போதும் மூடி போடுவது இயந்திரம்தான். ருசி பார்க்கும் கிண்ணங்களுக்கு மட்டும் கையால் போட்டோம். புட்டிங் ஏற்கெனவே வெந்து ஆறிவிட்டது. ஆனாலும் அலுமினியத் தாள் மூடியின் நடுவே மேலே நிற்கும்படி ஒரு மடிப்பு வைத்தேன். மடிப்பு இல்லாவிட்டால் ஆவிக்கு இடமில்லாமல் வெடித்துவிடும் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் யோசிக்காமல் வைப்பது அது. மேவிஸும் தன் கிண்ணங்களுக்கு மடிப்பு வைத்தாள்.

கஸ்டர்ட் எடுக்கப் போய்த் திரும்பினேன். மேவிஸ் என் மேசையிலிருந்து நகர்ந்துகொண்டிருந்தாள். என் மூடிகள் எல்லாம் தட்டையாக அமுக்கப்பட்டிருந்தன.

“என்ன பண்ணின?”

“தூசி இருந்துச்சு. தொடச்சேன்.”

திரும்ப மடிக்க நேரமில்லை. காலின் கூப்பிட்டுவிட்டார்.

ருசி பார்க்கும் அறையில் விமானத்தில் இருப்பது போன்ற அடுப்பு ஒன்று இருந்தது. முதலில் மேவிஸின் கிண்ணங்கள் இருந்த தட்டு. பாதியில் சிக்கிக்கொண்டது. அடுப்பின் மேல் அடுக்கில் மடிப்புகள் இடித்தன. காலின் பலமாகத் தள்ளினார். மூடிகள் கிழிந்து புட்டிங் பிதுங்கிச் சூடான அடுப்புக்குள் விழுந்தது. கருகிய நாற்றத்தில் பார்ஜிட்டர் அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டார். காலின் துடைத்துவிட்டு என் தட்டை வைத்தார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. எதுவும் வெடிக்கவில்லை.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அந்த அம்மாள் மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். “எங்க அடுப்புல அடுக்குக்கு நடுவுல விரல் நுழையத்தான் இடம். அது தெரிஞ்சு தட்டையா அமுக்கியிருக்கீங்க. யாரு இது?”

மேவிஸ் வாய் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

“நாந்தான்,” என்றேன்.

அடுத்த வாரம் அவள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கழுவும் பக்கம் போனாள். அன்று முதல் விமானங்களிலிருந்து திரும்பி வரும் தட்டுகளில் என் புட்டிங் மிஞ்சியிருந்தால், அதைத் தனியே எடுத்து வைக்கிறாள். வேலை முடிந்ததும் என் அறை வாசலில் ஈரக் கையோடு வந்து நிற்கிறாள்.

“துபாய் போனவங்க துப்பினது,” என்று கிண்ணத்தை என் மேசையில் வைக்கிறாள். “நல்லா அமுக்கி மூடி வை.”