இயேசுவும் இஸ்திரியும்

பாஸ்டர் டில்லிபாபுவுக்குப் பெண்கள் மேல் அளவு கடந்த மரியாதை உண்டு. அதை அவரே பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் அப்போது பாய் விரித்துக்கொண்டோ, டீ ஆற்றிக்கொண்டோ இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

வாரம் முழுக்க அவருக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில், தகரக் கூரை போட்ட ஜெபவீட்டில் ஊழியம். மகளிர் தினத்தை ஒட்டி வந்த ஞாயிறுக்குப் பெரிய திட்டம் போட்டார். இயேசு பெண்களை எப்படி நடத்தினார் என்று சுவிசேஷங்களிலிருந்து எடுத்து ஒரு முழுநீளப் பிரசங்கம். ஊர் என்ன நினைக்கும் என்று பார்க்காமல் கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு பேசியது, தன் உடையின் ஓரத்தைத் தொட்ட நோயாளியை மகளே என்று அழைத்தது, கல்லெறிய வந்தவர்களை வாயடைத்துத் திருப்பி அனுப்பியது என்று எதையும் விடவில்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. அவருடைய பிரசங்கத்துக்கு அதுவரை வேறு யாரும் அழுததில்லை.

வேதாகமத் தமிழில் பெண் என்றால் ஸ்திரீ. தெருவில் 'பொம்பள' என்று பேசுகிற டில்லிபாபு, மேடை ஏறிவிட்டால் ஸ்திரீயைத் தவிர வேறு சொல்லைத் தொடமாட்டார். அதையே தலைப்பாக வைத்து, வண்ணாரப்பேட்டையில் ஃபிளெக்ஸ் அடிக்கிற ஹுமாயூனுக்குப் போன் போட்டார்.

"'இயேசுவும் இஸ்திரியும்'னு பெர்சா போடு ஹுமாயூன்."

"இஸ்திரியா பாஸ்டர்?"

"ஆமாம்பா, இஸ்திரிதான். அதுக்குன்னே ஸ்பெசல் மீட்டிங் கீது."

ஸ்கூலை இஸ்கூல் என்றும் ஸ்டூலை இஸ்டூல் என்றும் சொல்கிற நாக்கு அது. தன் நாக்கு அந்தக் கூட்டத்தில் சேராது என்று அவர் மட்டும் நம்பிக்கொண்டிருந்தார். ஹுமாயூன் நாணயமான தொழில்காரர். காதில் விழுந்ததை ஓர் எழுத்து பிசகாமல் அடித்தார். ஒரு பக்கம் இயேசு, இன்னொரு பக்கம் பளபளவென்று ஓர் இஸ்திரிப் பெட்டி. கீழே 'விசேஷ தேவசெய்தி' என்று இருந்தது. யார் கொடுக்கிற செய்தி என்று இல்லை. அடக்கம் காரணமாகத் தன் பேரைப் போட வேண்டாம் என்று பாஸ்டரே சொல்லியிருந்தார். எப்படியும் எல்லாருக்கும் தெரியும் என்கிற அடக்கம்.

சனிக்கிழமை அவர் வேலை விட்டு வருவதற்குள் ஹுமாயூனின் ஆள் அதை ஜெபவீட்டு வாசலில் கட்டிவிட்டுப் போய்விட்டான். எதிரே புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி. துறைமுகத்துக்கும் மணலிக்கும் வேலைக்குப் போகிறவர்களின் யூனிஃபார்மெல்லாம் அங்கேதான் தேய்ப்பார்கள், பாஸ்டரின் வெள்ளைச் சட்டை உட்பட. வண்டிக்காரி இந்தச் சபைதான். தெருவுக்கே அவள் இஸ்திரிம்மா.

ஒரு ஞாயிறாவது மேடையில் நின்று தேவவார்த்தை பேச வேண்டும் என்று இஸ்திரிம்மா அவரைப் பலமுறை கேட்டிருக்கிறாள். கீழே நின்று சாட்சி சொல்லலாம், மேடை கூடாது என்றார். எதனால் என்று கேட்டாள். பாஸ்டர் நான்கு சுவிசேஷங்களையும் புரட்டினார். தோதான வரி ஒன்றும் சிக்கவில்லை. நைசாகப் பவுலின் நிருபங்களுக்குத் தாவி, சபையில் பெண்கள் பேசாமல் இருக்கச் சொல்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். உண்மைக் காரணம் வேறு. அவள் கீழே நின்று சாட்சி சொன்னாலே சபை விசும்பும். மேடையையும் கொடுத்துவிட்டால் இவருக்கு யார் காது கொடுப்பார்கள்? பொறாமை, கலப்படமில்லாத பொறாமை. முழங்காலில் நின்று ஆண்டவரிடம் சொல்லும்போதுகூட அதற்குச் சபை ஒழுங்கு என்றுதான் பேர் வைத்திருந்தார்.

ஃபிளெக்ஸைப் பார்த்து அவர் தலையில் கைவைத்து நிற்கும்போது, காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்த மனைவி சிவந்தி கூடையை இறக்கினாள்.

"இன்னாய்யா இது? இயேசு துணி தேய்க்கப் போறாரா?"

அவர் பதில் சொல்வதற்குள் இஸ்திரிம்மா வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"வாயால ஒரு வார்த்த சொல்லாம, நேரா ஃபிளெக்ஸ்லயே போட்டுட்டீங்களே பாஸ்டர். நாளைக்கு நான்தான் செய்தி குடுக்கப் போறேன்னு தெருவே சொல்லுது. மணலி புதுநகர்ல கீற எம் பொண்ணுக்குக்கூட போன் போட்டு சொல்ட்டேன். மாப்ளையையும் இட்டுகினு வருது."

எழுத்துப் பிழைம்மா என்று சொல்ல டில்லிபாபு வாயைத் திறந்தார். சிவந்தி அவர் காதோடு சொன்னாள்: "சொல்லு. அது மூஞ்சியப் பாத்துகினே சொல்லு, பாக்கலாம்."

பார்த்தார். அழுகையும் சிரிப்பும் கலந்த முகம்.

"ஆமாம்மா, நீ பேசணும்னுதான் போட்டேன்" என்றார்.

அவருடைய ஊழியத்திலேயே உருப்படியான வாக்கியம் ஒரு பொய்யாகப் போய்விட்டது. ஆனாலும் அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டார். பெண்ணுக்கு மேடை கொடுத்த தன்னை இயேசுவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தார். சோறு ஆறுது என்று சிவந்தி கத்தியதும் இறங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிம்மா கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைப் புடவையில் முன் பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள், பின்னால் மாப்பிள்ளை. பாட்டு முடிந்ததும் பாஸ்டர் மைக்கைப் பிடித்தார்.

"இப்போது நமக்குத் தேவசெய்தி கொடுக்க நம்முடைய அன்புச் சகோதரி..."

அத்தோடு நின்றது. அன்புச் சகோதரி யார்? சகோதரி இஸ்திரிம்மா என்று சொல்ல முடியுமா? இத்தனை வருஷமாக அவளிடம் சட்டை கொடுத்து வாங்கியிருக்கிறார். அவள் புருஷன் செத்தபோது அடக்க ஆராதனை நடத்தியது அவர்தான். புருஷன் பேர் ஞானராஜ், அது நன்றாக ஞாபகம் இருந்தது. இவள் பேர்? சிவந்தியைப் பார்த்தார். அவள் எடுத்துக்கொடுக்கப் போவதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்து கேட்டார். பொத்தினால் கேட்காமல் போகிற மைக் இல்லை அது.

"உம் பேர் இன்னாம்மா?"

தகரக் கூரை முழுக்க அது கேட்டது.

"ஆன்சி, பாஸ்டர்."

"சகோதரி ஆன்சி" என்றார். பிடுங்கித் தின்கிற வெட்கம். மேடையை விட்டு இறங்கி, ஆண்கள் பக்கம் வரை போகாமல் பெண்கள் பக்கத்தில் கிடைத்த பாயிலேயே உட்கார்ந்தார்.

ஆன்சி கல்லறைத் தோட்டத்து மரியாளை எடுத்துக்கொண்டாள். பதற்றமே இல்லை, துணிக்கு வந்தவர்களோடு பேசுகிற அதே குரல்.

"சீஷருங்க ரெண்டு பேரு வந்து எட்டிப் பாத்துட்டு வூட்டுக்குப் போய்ட்டாங்கோ. அழுதுகினு நின்னது இவ மட்டுந்தான். இயேசு வந்து மொதல்ல, இஸ்திரியே, ஏன் அழுவுறன்னு கேக்குறாரு. இவளுக்கு ஆள் தெரியல. தோட்டக்காரன்னு நெனச்சிகினு பேசுறா. அப்பறம் மரியாளேன்னு பேர் சொல்லிக் கூப்புடுறாரு. ஒடனே தெரிஞ்சிபோச்சி."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"உம் பேர் இன்னான்னு அவரு கேக்கல. அவருக்குத் தெரிஞ்சிருந்திச்சி."

அதைச் சொல்லும்போது அவள் பாஸ்டர் பக்கம் திரும்பவே இல்லை. குத்திக்காட்டுகிற எண்ணமே அவளுக்கு இல்லை. இருந்திருந்தால் டில்லிபாபுவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.