உள்ளே குடியிருப்பவர்கள்

குளியலறை வாசலில் பிளாஸ்டிக் வாளியைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தவளுக்கு வீட்டில் 'ஆராய்ச்சிக்காரி' என்று பெயர். வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் வைரஸ்களுக்கும் நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கும் உள்ள உறவையும் பகையையும் ஆண்டுக்கணக்காக ஆராய்கிறவள். இப்போது அந்த வைரஸே அவளை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தது. அறைக்குள் அண்ணன் இன்னொரு வாளியோடு கிடந்தான். அவளுடைய ஒன்றரை வயது மகள் ஓயாமல் சிணுங்கிக்கொண்டிருந்தாள். கணவனுக்கோ வெளிநாட்டில் வேலை.

அண்ணி மட்டும் குத்துக்கல் மாதிரி நின்றாள். டவுன் பஸ் ஓட்டுகிறவள். லீவு சொல்லிவிட்டு மூன்று பேருக்கும் துடைத்து, கழுவி, விரிப்புகளை அலசிக் காயப்போட்டபடி இருந்தாள். ஒரே வீட்டில் இருந்தும் இருவருக்கும் அப்படியொன்றும் ஒட்டுதல் கிடையாது. அண்ணியின் உரத்த குரல் ஆராய்ச்சிக்காரிக்கு ஆகாது. இவளுடைய அளந்த பேச்சு அண்ணிக்கு ஆகாது. இன்று வீட்டில் கேட்டதெல்லாம் அந்த உரத்த குரல்தான்.

"பாப்பாவுக்கு ஓ.ஆர்.எஸ். தண்ணி குடுத்தேன், அப்படியே கக்கிட்டா. என்ன பண்ணட்டும், சொல்லு."

"மொத்தமா குடுக்காதீங்க அண்ணி. ஒரு ஸ்பூன்... கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு. கக்கினாலும் விடாதீங்க." வாளிக்குள் குனிந்து நிமிர்ந்தாள். "டயப்பர் ரொம்ப நேரமா நனையலேன்னா, துவண்டு போனா, நேரா ஆஸ்பத்திரி. என்னைக் கேக்கவே வேண்டாம்."

மதியம் தாண்டியதும் சிணுங்கல் நின்றுபோனது. அண்ணி யாரையும் கேட்கவில்லை. வாசல் கதவு சாத்தப்படும் சத்தம்தான் கேட்டது. எழுந்து ஓட மனசு துடித்தது, கால் வரவில்லை. படித்த படிப்பெல்லாம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் கிடக்க, குழந்தை அந்தப் பக்கம் போயிருந்தது. குளிர்ந்த தரையில் கன்னத்தை வைத்து, மூடிய கதவையே பார்த்தபடி கிடந்தாள்.

பொழுது சாயும்போது போன் அடித்தது.

"நனைஞ்சிடுச்சுடி! டிரிப்ஸ் ஏத்தினாங்க. டயப்பரு என்னா கனம் கனக்குதுங்கிறே!" அண்ணி ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள். அந்தக் குரல் முடிவில் உடைந்தது. இதுவரை அவளை ஒருநாளும் 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை.

ஓரளவு எழுந்து நடமாடத் தொடங்கியபின், நன்றி சொல்ல வேண்டும் என்று ஆராய்ச்சிக்காரி மனசுக்குள் வார்த்தை கோத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். குழந்தை அண்ணியின் இடுப்பில் இருந்தது.

"எல்லாரையும் அடிச்சுப் போட்டுச்சே, என்னை மட்டும் ஏன் விட்டுச்சு?"

"தெரியல அண்ணி. உடம்பு வாகா இருக்கலாம். உங்க குடல்ல இருக்கிற பாக்டீரியா வைரஸை அண்டவிடாம பண்ணியிருக்கலாம். எல்லா பாக்டீரியாவும் அப்படி இல்ல. சிலது வைரஸுக்குக் கதவைத் திறந்தும் விட்டுடும்."

"அப்ப எனக்கு வாய்ச்ச குடித்தனக்காரங்க நல்லவங்கன்னு சொல்லு."

"பாத்தாத்தான் தெரியும்." கோத்து வைத்த நன்றிக்குப் பதிலாக வேறொன்று வந்தது. "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? ஒரு சின்ன டப்பா தரேன். காலையில... அதுல கொஞ்சம்..."

அண்ணிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு சிரித்தாள் பாருங்கள், குழந்தையும் என்னவென்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தது. "எந்த நாத்தனாரும் கேக்காத சீரை நீ கேட்டுட்டே, போ!"

அண்ணி வேலைக்குத் திரும்பிய அன்று ஆராய்ச்சிக்காரி அவள் ஓட்டிய பஸ்ஸிலேயே ஏறினாள். மடியில் ஐஸ் வைத்த சிறு பெட்டி, அதற்குள் அண்ணி தந்த டப்பா. ஆய்வுக்கூடத்து நிறுத்தத்தில் இறங்கி, தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் அதை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் சாலையைக் கடந்தாள். பாதி வழியில் சிக்னல் விளக்கு பச்சைக்கு மாறிவிட்டது. பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து வளையல் போட்ட கை ஒன்று நீண்டு, அத்தனை வண்டிகளையும் நிறுத்தி வைத்திருந்தது.