கூட்டுத்தொகைக்குக் கீழே ஒரு வரி

வேலைக்கு என்ன செலவாகும் என்று எழுதிக் கொடுக்கிற கொட்டேசன் தாளென்றாலே யுகேந்திரனுக்கு ஆகாது. பன்னிரண்டு வருடமாக மலேசியாவில், ஈப்போவில் சொந்தமாக வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன், ஒரு தாளில் நாலு வரி எழுதப் பயப்படுகிறான் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் உண்மை. அவன் எழுத எழுத, முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு பெண் வாசிப்பாள். எழுத்துக்கூட்டி, அவசரமில்லாமல், ஒவ்வொரு வரியாக. கூட்டுத்தொகை வரை வந்ததும், அதற்குக் கீழே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பவள்போல் நிறுத்துவாள். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். சோப்பு வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும்.

அது துளசியக்காவின் குரல். அவள் செத்து மூன்று வருடமாகிறது.

தொழில் தொடங்கிய காலத்தில் யுகேந்திரன் கொட்டேசனில் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் எழுதினான். வேலைதான் கிடைக்கவில்லை. ஜனங்கள் அடியில் இருக்கிற தொகையைப் பார்ப்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். பட்ட பிறகுதான் அவனுக்குப் புத்தி வந்தது. புத்தியா அது? விலை கூடின சாமான்களையெல்லாம் கூட்டுத்தொகைக்குக் கீழே தள்ளி, ‘வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி எழுதப் பழகினான். மேலே தொகை சின்னதாகிவிட்டது. வேலை மேல் வேலை வந்தது.

அப்படித்தான் சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்துக்குப் போனான். கூப்பிட்ட உடையப்பன் அங்கே செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். மனைவி துளசிக்கு மூட்டு வலி, பச்சைத் தண்ணீர் ஆகாது, குளியலறையில் ஒரு ஹீட்டர் போட வேண்டும். அது தோட்டக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீடு. தோட்டத்து ஜெனரேட்டர் ஓடின காலத்துக் கம்பிதான் சுவருக்குள் இருந்தது, கசிகிற கரண்டைத் தரைக்குள் இறக்கிவிடும் எர்த் கிடையாது. யுகேந்திரனுக்கு அது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஹீட்டர், சுவிட்ச், கூலி என்று எழுதிக் கூட்டிப்போட்டு, புது எர்த் கம்பியையும், கரண்டு கசிந்தால் கண்மூடித் திறப்பதற்குள் நிறுத்திவிடும் அந்தச் சின்னப் பெட்டியையும் கீழே தள்ளினான். அந்த இரண்டுக்கும் சேர்த்து நானூற்று எண்பது வெள்ளி.

உடையப்பன் லாரியை நகர்த்தி வைக்கப் போயிருந்த நேரம். துளசியக்காதான் தாளை வாங்கிச் சத்தமாக வாசித்தாள். கடைசி வரியில் விரலை வைத்து, இது எதுக்குத் தம்பி என்று கேட்டாள். சொல்லியிருக்கலாம். உயிருக்கு என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். தொகை ஏறினால் வேலை கைவிட்டுப் போய்விடுமே என்று இவன் சிரித்து மழுப்பினான்.

“அது இல்லாட்டியும் தண்ணி சுடும் லா அக்கா.”

அவளும் சிரித்தாள். உடையப்பன் வந்தார், விலையைப் பார்த்தார், அந்த வரியைப் பேனாவால் அடித்தார், கையெழுத்துப் போட்டார். ஆறாவது வாரம் ஒரு விடிகாலையில் குளிக்கப் போன துளசியக்கா, ஹீட்டரில் கசிந்த கரண்டு அடித்து விழுந்தவள், எழுந்து வரவில்லை.

போலீஸ் நிலையத்தில் அந்தத் தாளை வாங்கிப் பார்த்த அதிகாரி, நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய், வேண்டாம் என்று அடித்தது அவர், கையெழுத்தும் இருக்கிறது என்றார். கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டாத குறைதான். யுகேந்திரன் வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தான். அதன் பிறகு எந்தக் கொட்டேசனிலும் கூட்டுத்தொகைக்குக் கீழே அவன் எதையும் எழுதியதில்லை. அதற்காக அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாளா என்ன?

போன சனிக்கிழமை உடையப்பன் கூப்பிட்டார். வீடு முழுக்கக் கம்பி மாற்ற வேண்டும், வந்து பார்த்து எழுதிக்கொடு என்றார். யுகேந்திரன் வேறு ஆளைக் கைகாட்டிவிடலாம் என்றுகூட நினைத்தான். ஆனாலும் மறுநாள் மத்தியானம் போய் நின்றான்.

மனிதர் பாதியாகியிருந்தார். குளியலறைக் கதவில் பலகை அடித்திருந்தது. மூன்று வருடமாக வெளிக்குழாயில்தான் குளிக்கிறாராம். துளசியக்கா படத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு இவனை உட்கார வைத்தார்.

“எம்மவ புனிதா கமுந்திங்ல இருக்கா தம்பி. பேத்தி பொறந்து ஆறு மாசம் ஆச்சு, நான் இன்னும் பாக்கல. காசப் பாத்து அம்மாவக் கொன்னுட்டீங்கன்னு சொல்லிட்டுப் போனவதான். சரியாத்தானே சொன்னா? இந்தத் தடவ வீடு முழுக்க எழுதுங்க. நான் வேணாம்னு சொல்றதுக்கு அதுல எதுவும் இருக்கக்கூடாது. அந்தத் தாள அவளுக்கு அனுப்பணும்.”

யுகேந்திரன் வீட்டைச் சுற்றி அளந்தான். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். குரலும் ஆரம்பித்துவிட்டது. அவளுடைய வீட்டிலேயே, அவள் படத்துக்கு எதிரிலேயே. எர்த் கம்பி என்று எழுதினான், எர்த் கம்பி என்று வாசித்தாள். பெட்டி என்று எழுதினான், வாசித்தாள். கூட்டிப்போட்டான். கழுத்தோரம் ஈரம் பட்டதுபோல் சில்லென்றது. கீழே எதுவும் இல்லை, ஆனாலும் அவள் நகரவில்லை.

வாயை மூடிக்கொண்டு தாளைக் கொடுத்தால் இந்த வருடத்திலேயே பெரிய வேலை இதுதான். வாயைத் திறந்தால் லைசென்ஸ் போகலாம், கோர்ட்டுக்கு இழுக்கலாம், வீட்டுக்கடன் கட்ட முடியாமல் இரண்டு பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்கலாம். எதிரே அந்த மனிதர், தான் செய்யாத கொலையைத் தலையில் சுமந்துகொண்டு தாளுக்காகக் காத்திருந்தார். யுகேந்திரன் பேனாவைக் கீழே வைத்தான்.

“அண்ணே, அன்னிக்கு நீங்க லாரிகிட்ட இருந்தீங்க. அக்கா அந்த வரியக் காட்டி எதுக்குன்னு கேட்டாங்க. அது இல்லாட்டியும் தண்ணி சுடும்னு நான் சொல்லிட்டேன். அது கட்டாயம் இருக்கணும்னு எனக்குத் தெரியும்ணே. வேலை போயிடக்கூடாதுன்னு கீழ எழுதினேன்.”

அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தேவலை. உடையப்பன் படத்தின் பக்கம் திரும்பினார்.

“அவ கேட்டாளா?”

“கேட்டாங்கண்ணே.”

உடையப்பன் எழுந்து வந்து யுகேந்திரனின் சட்டைப் பையிலிருந்து அவன் போனை எடுத்தார். தன் நம்பரைப் பார்த்தால் மகள் எடுக்கமாட்டாள் என்றார். மனப்பாடமாக இருந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவன் கையில் கொடுத்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். யாரு என்றாள். அவளுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது. உடையப்பன் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என் பேரு யுகேந்திரன். உங்க வீட்டுல ஹீட்டர் போட்டவன். வச்சிடாதீங்கம்மா. உங்கப்பா கையெழுத்துதான் போட்டாரு. கரண்ட நிறுத்துற அந்தப் பெட்டி தேவையில்லன்னு அம்மாகிட்ட சொன்னது நான்.”

அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டேயிருந்தது. புனிதா போனை வைக்கவில்லை, “அப்பா அங்க இருக்காரா?” என்றாள்.