கதவைத் திறந்து போட்டுப் போனவள்

ஊர் நீச்சல் குளத்தை ஒட்டிய வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்திருந்த சிந்திரியின் கையைத் தண்ணீருக்கு அடியில் தேடிப் பிடித்து, துக்கம் விசாரிக்கிற மாதிரி மெல்லக் குலுக்கினார் ஸ்காஃப்டி. ஆயுசு முழுக்க மீன்பிடிப் படகு ஓட்டி ஓய்வுபெற்றவர்.

"மனசைத் தளர விடாத தம்பி. எங்களுக்கெல்லாம் தெரியும்."

தொட்டியில் மிதந்த மற்றத் தலைகளும் தெரியும் என்று ஆடின. டால்விக் என்ற அந்த மீன்பிடி ஊரில் எந்தச் சங்கதியும் முதலில் இந்தத் தொட்டிக்கு வந்து, ஊறி, உப்பி, அதற்கப்புறம்தான் ஊருக்குள் போகும். சிந்திரி நன்றி என்றான். வேறு என்ன சொல்வது? எந்தப் படகில் வேலை பார்த்தாய் என்று ஸ்காஃப்டி விசாரித்தார். நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்த சிந்திரியின் பாட்டுக்குள் வருகிறவன் கடலிலிருந்து வீடு திரும்புகிற மீனவன். பாடிய சிந்திரியோ, திமிங்கலம் காட்டக் கூட்டிப்போகும் சுற்றுலாப் படகில் ஒரு கோடை முழுக்க டிக்கெட் கிழித்தவன். அதிலும் பாதி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தவன். சின்னப் படகுதான் என்று முனகினான். சின்னப் படகில்தான் தனிமை அதிகம் என்று சொல்லி ஸ்காஃப்டி மரியாதையாகக் கண்களை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து டாக்னி வந்தாள். பக்கத்துக் குளத்தில் குழந்தைகளுக்குக் கோடைக்கால நீச்சல் வகுப்பு எடுப்பவள் அவள்தான். கழுத்தில் விசில், கையில் நாலைந்து மிதவைப் பலகைகள். தொட்டியைக் கடக்கும்போது அவனைப் பார்த்தாள். ஒரு நாற்காலியைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு நடந்தாள். ஸ்காஃப்டி கண்ணைத் திறக்காமலே குரலை மட்டும் உயர்த்தினார்.

"யம்மா, போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ. குளிருது."

அது திறந்தவெளிக் குளம். சாத்துவதற்குக் கதவே கிடையாது. தலைகளெல்லாம் தண்ணீர் அலம்பச் சிரித்தன. கூட்டத்தோடு கூட்டமாகச் சிந்திரியும் சிரித்துவிட்டான். சிரித்து முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. வாயைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டு, அது தன்னுடைய வாய் இல்லை என்பதுபோல் இருந்தான்.

நடந்தது என்ன என்று இந்தத் தீவு நாட்டில் இரண்டு பேருக்கு முழுசாகத் தெரியும். மூன்றாவது ஆளான, பாட்டைப் பதிவு செய்த பெர்குருக்கு முக்கால்வாசி தெரியும். சிந்திரியும் டாக்னியும் அவளுடைய அப்பா டோர்ஃபியின் வீட்டில் காதலர்களாக ஒன்றாகக் குடியிருந்தவர்கள். ஒரு குளிர்காலத்தில் டோர்ஃபிக்குப் பக்கவாதம் வந்தது. டாக்னி தினமும் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு பக்கத்து நகரமான அக்யூரேரியின் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். வீட்டில் பேச்செல்லாம் மாத்திரையும் படுக்கைப் புண்ணுமாக ஆயிற்று. சிந்திரியின் புது மெட்டுகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் காது கூசுகிறது. ஆனால் அப்போது அவனுக்கு அது நியாயமான மனக்குறையாகத்தான் பட்டது. பிப்ரவரியில் ஒரு காலை அவள் கிளம்பிப் போன பிறகு, கித்தார் ஒரு கையிலும் பை ஒரு கையிலுமாகத் தலைநகருக்குப் புறப்பட்டான். கை ஒழியவில்லை என்று கதவைக் குதிகாலால் இழுத்துவிட்டுப் போனான். தாழ்ப்பாள் விழவில்லை. வழியில் பெட்ரோல் பங்கில் ஹாட் டாக் தின்றுகொண்டே, 'என்னால் முடியவில்லை, மன்னித்துவிடு' என்று செல்போனில் ஒரு வரி அனுப்பினான். மதியத்துக்கு மேல் பனிப்புயல். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பியபோது கூடத்தில் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. அதை அவள் ஒரு படம் எடுத்து அனுப்பினாள். படத்தோடு ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் அழித்திருப்பான்.

அந்தப் படத்தை வைத்துத்தான் பாட்டு. அக்யூரேரியில் பழைய இறால் உறைபதன அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தான் பெர்குர். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டியும் இறால் வாசம் போகவில்லை. தலைநகரிலிருந்து அங்கே வந்து சிந்திரி முதலில் பாடிக்காட்டியது நடந்ததை நடந்தபடி. போகிறவன் போகிறான், அவள் பனி அள்ளுகிறாள். பெர்குர் அதிமதுர மிட்டாய் ஒன்றை மென்று தீர்த்துவிட்டுச் சொன்னான்:

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா கேட்டா உன்னை உதைக்கணும்னு தோணுது. உதைக்கத் தோணுற ஆளோட பாட்டைக் கார்ல எவன் போடுவான்?"

"நிஜம் அதுதானே."

"நிஜத்தைப் பாதிரியார்கிட்ட சொல்லிக்க. ஆளை மாத்திப் போடு. அவ போறா, நீ பனி அள்ளுற. உனக்குத்தான் அழுத மூஞ்சி சும்மாவே இருக்கே."

ஒரு மதியத்தில் மாற்றியாயிற்று. இரக்கம் இன்னும் கொஞ்சம் கூடட்டும் என்று மீனவனையும் சேர்த்தார்கள். அதுவரை அவன் குரல் மேலே போகும்போது கிறீச்சிடும். ஆளை மாற்றிப் பாடியதும் வழுக்கிக்கொண்டு ஏறியது. கடைசி வரியில் தொண்டை கரகரத்தது. அந்தக் கரகரப்பு நடிப்பில்லை. விட்டுவிட்டுப் போனவன், விடப்பட்டவனாகப் பாடி உண்மையிலேயே அழுதான். அதை நினைக்கும்போதுதான் அவனுக்குத் தன்னைப் பிடிக்காமல் போகும். நிஜத்தைப் பாடியபோது வராத கண்ணீர், பொய்க்கு வரிசையில் நின்று வந்தது.

*கதவைத் திறந்து போட்டுப் போனாயே,*
*கூடமெல்லாம் பனியடி, கண்ணே.*

பாட்டில் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் என்ன? யாருக்கு யார் ஒன்றுவிட்ட சித்தப்பா என்று தூக்கத்தில் சொல்கிற ஜனங்கள். வானொலியில் வந்த முதல் நாளே மதியச் சாப்பாட்டுக்குள் டாக்னி பெயர் தெரிந்துவிட்டது. கோடை பிறப்பதற்குள் பாட்டு எங்கும் இருந்தது. கல்யாணங்களில் பாடினார்கள், கல்யாணத்தில் ஏன் பிரிவுப் பாட்டு என்று யாரும் கேட்கவில்லை. வங்கிக்குப் போன் போட்டால் காத்திருக்கும் நேரத்தில் அதுதான் ஓடியது. தெற்கே ஒரு பாதிரியார் அதை வைத்துப் பிரசங்கம் செய்தார். இரண்டு வரியையும் அச்சடித்து மிதியடி விற்பனைக்கு வந்தது. சிந்திரியின் அம்மாவே ஒன்று வாங்கினாள். மகன் ஏமாற்றப்பட்டவன் என்று நம்பி, அந்த மிதியடியில் தினமும் சற்று அழுத்தமாகவே காலைத் துடைத்தாள்.

டாக்னிக்கு என்ன நடந்தது என்பது துண்டு துண்டாக அவன் காதுக்கு வந்தது. மீன்கடையில் அவளுக்கு மட்டும் வால் துண்டு. ரொட்டிக்கடையில், தபால் நிலையத்தில், எங்கே திரும்பினாலும் 'கதவைச் சாத்திட்டுப் போம்மா'. குழந்தைகள் நீச்சல் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தபடி அவளிடமே அதைப் பாடின. அவை பாவம், பாட்டு என்று பாடின. பிறகு ஒரு குழந்தையின் தாய் தலைமையாசிரியரிடம் சிரித்துக்கொண்டே கேட்டாளாம், 'தண்ணிக்குள்ள பிள்ளைங்களை விட்டுட்டுப் போயிட மாட்டாங்களே?' சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் இலையுதிர் காலத்துக்கான பள்ளி நீச்சல் வகுப்புகளை டாக்னிக்கே தருவதா என்று பள்ளியில் யோசிக்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்று சேதி. இது காதில் விழுந்த பிறகுதான், மீன் திருவிழா மேடையில் பாட ஒத்துக்கொண்டு சிந்திரி ஊருக்கு வந்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்தான். கேட்டால் தூக்கம் வரும் என்றும் நினைத்தான். இரண்டில் எது முதலில் தோன்றியது என்று அவன் தன்னிடமே விசாரிக்கவில்லை.

திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் டால்விக்கில் மீன் சூப் சாயங்காலம். வாசலில் தீப்பந்தம் எரிகிற எந்த வீட்டுக்குள்ளும் யார் வேண்டுமானாலும் நுழையலாம். வந்தவருக்கு ஒரு கிண்ணம் சூப் கொடுத்தே ஆகவேண்டும், இல்லை என்று சொல்லக் கூடாது. டோர்ஃபியின் வீட்டு வாசலில் பந்தம் எரிந்தது. பனியோ பழியோ எதுவானாலும் அந்த வீடு சூப் கொடுக்கத் தவறியதில்லை. சிந்திரி வெளியூர்க்காரர்களோடு வரிசையில் நின்றான். இரண்டு பெண்கள் அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். இதே கூடம். செருப்பு அடுக்கு அதே இடத்தில் இருந்தது.

டாக்னி கரண்டியோடு அண்டாவுக்குப் பின்னால் நின்றாள். அவன் முறை வந்ததும் முகம் மாறாமல் கிண்ணத்தை எடுத்தாள்.

"உங்கிட்ட மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்," என்றான் தணிந்த குரலில்.

"கேக்காத. அப்புறம் அதை வச்சு இன்னொரு பாட்டு போட்டுடுவ."

சூப்பை ஊற்றினாள். இரண்டு துண்டு மீன் விழுந்தது. வரிசையில் வருகிறவர்களுக்கு விழுகிற அதே அளவுதான். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் டோர்ஃபி இருந்தார். வலப்பக்கம் முழுக்கத் துவண்டு, வாய் ஒருபுறம் இறங்கி, பார்வை மட்டும் பழையபடி குறும்பாக. யாரோ ஒரு விருந்தாளி அந்தப் பாட்டை முணுமுணுத்தான். உடனே டோர்ஃபி பிடித்துக்கொண்டார். கனத்த, சுத்தமான குரல். ஒரு எழுத்து பிசகவில்லை. கூடத்தில் இருந்தவர்கள் அசந்து போய்க் கூடச் சேர்ந்தார்கள்.

"பேச்சு வரலை அவருக்கு," என்றாள் டாக்னி, அடுத்தவருக்கு ஊற்றிக்கொண்டே. "தண்ணி கேக்க வராது. என் பேரு வராது. இது மட்டும் முழுசா வருது. தினமும் கூட உக்காந்து பாடுங்க, அதைப் பிடிச்சு மத்த வார்த்தையும் வரலாம்னு டாக்டர் சொன்னாரு. பாடிட்டிருக்கேன்."

சிந்திரியின் கையில் கிண்ணம் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"நான் என்ன செய்யணும் டாக்னி?"

"நாளைக்கு மேடையில ஒரு வரி. போனது நான்தான்னு. வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்றேன்."

"வாயால சொல்லு. மெசேஜ் அனுப்பிடாத."

மறுநாள் துறைமுக மைதானத்தில் நாட்டின் பாதி ஜனம் கூடியிருந்தது போலிருந்தது. வெயில் இன்னும் மலைமேல் மிச்சம் இருந்தது. வெண்ணெய் தடவிய காய்ந்த மீனைக் கடித்துக்கொண்டு, கம்பளிச் சட்டைகளில், தோளில் குழந்தைகளுடன் நின்றார்கள். முன்வரிசையில் டோர்ஃபியின் நாற்காலி, பின்னால் டாக்னி. சற்றுத் தள்ளி ஸ்காஃப்டி, தலை உலர்ந்த நிலையில் அடையாளமே தெரியாமல்.

சிந்திரி ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"இந்தப் பாட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். இதுல வர்ற மாதிரி நடக்கல. அவ போகல. போனது நான்தான். கதவைத் திறந்து போட்டதும் நான்தான்."

அடக்கி வைத்த மூச்சை விட்டுவிட்டதுபோல் அவனுக்குள் ஏதோ இறங்கியது. முடிந்தது என்று நினைத்தான். எங்கேயோ ஒரு பெண் குரல் தழுதழுத்து, 'அய்யோ, எவ்வளவு பெரிய மனசு' என்றது. அந்த இடத்திலிருந்து கைதட்டல் கிளம்பி, பரவி, மலையில் மோதித் திரும்பி வந்தது. ஸ்காஃப்டி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மேடைவரை கேட்டது: "பாரு, பழியை அப்படியே தன் தலைமேல போட்டுக்கிறான். இவனைப் போயி..." முடிக்காமல் திரும்பி டாக்னியைப் பார்த்தார். வரிசை வரிசையாக எல்லோரும் பார்த்தார்கள். நேற்றுவரை அந்தப் பார்வை கேலியாக இருந்தது. இப்போது கனமாக இருந்தது.

"இல்லைங்க, நிஜமாவே நான்தான்," என்றான் சிந்திரி. கைதட்டல் இன்னும் கூடியது. பின்னால் கீபோர்டு வாசிக்க நின்ற பெர்குர் அவன் காதோரம் குனிந்து, டேய் பிரமாதம், இனி எல்லா ஊரிலும் இதைச் சொல்லு என்றான்.

இன்னும் ஒரு வழி இருந்தது. பெட்ரோல் பங்கு, ஒற்றை வரிச் செய்தி, ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் எடுத்துப் போட்டால் நம்பித்தான் ஆகவேண்டும். "அவங்க அப்பா அப்ப ஆஸ்பத்திரியில..." என்று தொடங்கினான். தன்னைப் பற்றிப் பேச்சு வந்ததும் டோர்ஃபி நிமிர்ந்து, பாதி வாயால் மலர்ந்து சிரித்தார். மேடையில் இருக்கிற பையன் ஒரு காலத்தில் தன் வீட்டில் ரொட்டி தின்றவன் என்ற பெருமை அந்தச் சிரிப்பில் இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொல்லச் சிந்திரியால் முடியவில்லை. டாக்னியைப் பார்த்தான். அவள் தலையை அசைக்கவில்லை, ஆம் என்றோ வேண்டாம் என்றோ. அவன் நின்றதைக் கூட்டம் அழுகை என்று எடுத்துக்கொண்டது. டிரம்காரன் அதை ஜாடை என்று எடுத்துக்கொண்டான்.

தாளம் விழுந்ததும் யாருக்காகவும் காத்திராமல் மைதானமே பாட ஆரம்பித்தது. சிந்திரி பாடவில்லை. அவன் பாடவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றான். வலதுகால் மட்டும் அவனைக் கேட்காமல் தாளம் போட்டது. அதை நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை.

கீழே எல்லோரும் கைகளைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார்கள். டோர்ஃபி வாய் நிறையப் பாடிக்கொண்டு தன் இடக்கையை உயர்த்தினார். வலக்கை மடியில் கிடந்தது. உயர்ந்த கை தட்டுவதற்கு எதுவும் இல்லாமல் காற்றில் தயங்கியது. டாக்னி நாற்காலிக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு, தன் உள்ளங்கையை அதற்கு நேராகப் பிடித்தாள். கிழவரின் கை அதில் வந்து விழுந்தது. பிறகு மறுபடியும். ஊர் தட்டி முடித்ததற்குச் சற்றுப் பிந்தியே ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு சத்தம் மேடைக்கு வந்துகொண்டிருந்தது.